சாம்பல் அள்ளியவர்கள்

கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில், 1991இல் நாங்கள் வாங்கிய வரிசை வீட்டுக்கு அப்போதே தொண்ணூறு வயது. சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது. குழாய் பதிக்க வந்தவர் எங்கள் ஊர்த் தம்பி. முன்னறையில் பலகை அடித்து மூடியிருந்த கணப்பை அவர் திறந்ததும் புகைக்கரி பொலபொலவென்று கொட்டியது. அள்ளி வாளியில் போட்டேன். எனக்கு முன்னே இந்த இடத்தில் முழந்தாளிட்டு அள்ளியவள் யார் என்ற கேள்வி அன்று தொடங்கியது.

இங்கிலாந்தின் வீட்டு வெப்பத்துக்கு எழுதப்பட்ட வரலாறு உண்டு. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய நச்சுப்புகையில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1967 தொடங்கிப் பத்தாண்டுகளில் வடகடல் எரிவாயு வீடுகளுக்குள் வந்தது. கரி அடுப்புகள் அணைந்தன. பாய்லரும் ரேடியேட்டரும் பரவின. நாடாளுமன்றமும் பொறியாளர்களும் நிறைந்த வரலாறு இது.

அதற்கு முன்பு வீட்டைச் சூடாக்கியவர்கள்? ஹன்னா கல்விக் (1833–1909) என்ற வீட்டுப் பணிப்பெண் 1854 முதல் 1873 வரை எழுதிய நாட்குறிப்புகளில் அந்த வேலை பதிவாகியிருக்கிறது. விடியுமுன் சாம்பல் அள்ள வேண்டும். கணப்பின் இரும்புக்குக் கரும்பசை தேய்த்து மினுக்க வேண்டும். கரி வாளியைப் படியேற்றி, ஒவ்வோர் அறையாக நெருப்பு மூட்ட வேண்டும். வேலைக்காரி வைக்க வசதியில்லாத வீடுகளில் இதையெல்லாம் மனைவியும் மகளும் செய்தார்கள். ஹன்னாவுக்குச் சம்பளமாவது இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஊதுகுழலோடு அடுப்படியில் குந்தியிருந்த என் அம்மாவுக்கு அதுவும் இல்லை; இருமல்தான் மிச்சம்.

சட்டம் வந்தது வானத்துப் புகைக்காக. தேய்ந்த முழங்கால்கள் அதன் கணக்கில் இல்லை. ஆனாலும் அவற்றுக்கு ஓய்வு கிடைத்தது என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

தம்பி அறை அறையாக அளந்தார். குசினியை மட்டும் விட்டுவிட்டார்.

“அக்கா, அங்கை தேவையில்லை. சமைக்கிற சூடு காணும்தானே?”

“காலமை அஞ்சு மணிக்கு அந்தக் கல்லுத் தரையில ஆர் நிக்கிறது, தம்பி?”

அவர் பேசாமல் வரைபடத்தில் இன்னொரு கட்டம் போட்டார்.

ரேடியேட்டர் வந்தது. ஆனாலும் பல ஆண்டுகள், எல்லோரும் வெளியே போனதும் அதை அணைத்துவிட்டு இரண்டு கம்பளிச் சட்டையோடு வேலை செய்தேன். பிள்ளைகள் வரும் நேரத்துக்குத் திரும்பப் போடுவேன். கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பெருமையாகவும் இருந்தது. எனக்காக மட்டும் ஒரு வீடு சூடாக இருக்கலாம் என்று நான் நினைத்ததேயில்லை.

குழாய் பதித்துச் சாம்பலை ஒழித்தோம். அந்த நினைப்பை ஒழிக்க எனக்கு இன்னும் இருபது வருடம் பிடித்தது.