எம்டன் விட்டுச் சென்றவை

"அவன் சரியான எம்டன்!" என்று ஊரில் கெட்டிக்காரர்களைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஜேர்மனிக்கு வந்த புதிதில், என்னோடு வேலை செய்த முதியவர் ஒருவர் தமது சொந்த ஊர் எம்டன் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எம்ஸ் ஆற்று முகத்துவாரத்திலுள்ள அந்தத் துறைமுக நகரின் பெயரைத்தான் அக்கப்பல் தாங்கியிருந்தது.

1914 செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு எம்டன் சென்னைக் கரையை நெருங்கி, ஏறக்குறைய 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகள் தீப்பற்றி எரிந்தன. ஐவர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். (கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பது கேட்க இனிய கதை. ஆனால் அதற்குச் சான்று இல்லை. அவர் அக்காலம் ஐரோப்பாவில் இருந்தார்.)

அன்று விழுந்த குண்டின் சிதறல் ஒன்று சென்னைக் கோட்டை நூதனசாலையில் இருக்கிறது. உயர் நீதிமன்ற மதிலில் ஒரு நினைவுக் கல்லும் உண்டு.

அதே ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவுகளருகே அவுஸ்திரேலியாவின் 'சிட்னி' என்ற போர்க்கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது. அதன் ஆட்களில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வென்றவர்கள் சும்மா இருப்பார்களா? எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னி நகரப் பூங்காவில் வைக்கப்பட்டது. கப்பலில் கிடைத்த மெக்சிக்கோ வெள்ளி நாணயங்களில் சுமார் ஆயிரம், 1918இல் பதக்கங்களாக்கப்பட்டன. கப்பலின் மணியோ இருமுறை திருட்டுப் போய் இருமுறையும் மீண்டது! பெயர்ப்பலகையை மட்டும் 1933இல் நல்லெண்ணத்தின் அடையாளமாக ஜேர்மனிக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஜேர்மனியர் காத்த சின்னம் வேறு வகையானது. உயிர் தப்பிய மாலுமிகள் தம் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்பதைச் சேர்த்துக்கொள்ள உரிமை பெற்றார்கள். அது பிள்ளைகளுக்கும் சென்றது.

அந்த முதியவர், கப்டன் முல்லர் பிடிபட்ட கப்பல்களின் மாலுமிகளைக் கண்ணியமாக நடத்தியதைப் பெருமையோடு சொன்னார். அது உண்மைதான். சென்னையில் இறந்த ஐவரைப் பற்றி நான் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்பு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அந்தக் குண்டுத் துண்டு இருக்கும் இடத்தை எழுதித் தரும்படி கேட்டார். "கோட்டை நூதனசாலை, சென்னை" என்று எழுதிக் கொடுத்தேன்.