போலி நகை தலைநிமிர்ந்த கதை: ஷனெல் முதல் ஐரிஸ் ஆப்ஃபெல் வரை

1917ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இருந்த ஒரு மாளிகை கைமாறியது. அதற்குக் கொடுக்கப்பட்ட விலை நூறு டாலர் ரொக்கமும் ஒரு முத்துமாலையும். இரட்டைச் சரத்தில் கோத்த அந்த இயற்கை முத்துகளின் மதிப்பு அன்று பத்து லட்சம் டாலர். மாலையைக் கொடுத்து மாளிகையை வாங்கியது கார்ட்டியே நகை நிறுவனம். மாலையை அணிந்தவர் மாளிகையின் உரிமையாளர் மார்ட்டன் பிளான்ட்டின் மனைவி மெய்ஸி. அவர் மறைந்தபின் 1957இல் அதே மாலை ஏலத்துக்கு வந்தபோது 1,51,000 டாலருக்குத்தான் போனது.

முத்துகள் மங்கிவிடவில்லை. ஒரு நகையின் மதிப்பு எதில் இருக்கிறது என்ற கணக்கே இந்த நாற்பது ஆண்டுகளில் புரண்டிருந்தது. ஜப்பானில் மிக்கிமோட்டோ கோக்கிச்சி 1893இல் வளர்ப்பு முத்தில் முதல் வெற்றியைக் கண்டார். 1920களில் அவருடைய உருண்டை முத்துகள் ஐரோப்பியக் கடைகளை எட்டின. 1930ஐ ஒட்டி இயற்கை முத்தின் விலை சரிந்தது. முத்துக்குளிப்பைச் சங்க காலம் தொட்டு அறிந்திருந்த மன்னார் வளைகுடாக் கரைக்கும் அந்த நுட்பம் பிறகு வந்து சேர்ந்தது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். ஆனால் முத்தின் மதிப்பைக் குலைத்ததில் ஆய்வுக்கூடத்துக்கு இணையான பங்கு பாரிஸின் தையற்கூடங்களுக்கும் உண்டு. இந்தக் கட்டுரை அந்தப் பங்கைப் பின்தொடர்கிறது.

போலி நகை பழையது. பதினேழாம் நூற்றாண்டிலேயே பாரிஸில் ஜக்கேன் என்ற ஜெபமாலைத் தொழிலாளி, ஆற்றுமீன் செதிலிலிருந்து எடுத்த மினுமினுப்புச் சாந்தைக் கண்ணாடி மணிக்குள் பூசி முத்துப் போலவே செய்தார். அடுத்த நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்ட்ராஸ் ஈயம் கலந்த கண்ணாடியைப் பட்டை தீட்டி வைரம்போல் மின்ன வைத்து, அரசவை நகைக்காரராகவே உயர்ந்தார். போஹிமியாவில் பிறந்த டேனியல் ஸ்வரோவ்ஸ்கி 1892இல் கல்லுக்குப் பட்டை தீட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, 1895இல் ஆஸ்திரியாவின் வாட்டன்ஸில், ஆற்றுநீரின் விசையை நம்பித் தொழிற்கூடம் அமைத்தார். மூவருடைய திறமையும் ஒரே இலக்கை நோக்கியது: பார்ப்பவர் ஏமாற வேண்டும்.

தமிழ்நாட்டில் கவரிங் நகை இன்றும் பெரும்பாலும் இந்த இலக்கில்தான் இயங்குகிறது. சிதம்பரம் கவரிங் வாங்குபவர், அது தங்கம் போலவே இருக்கிறது என்று யாராவது சொன்னால் மகிழ்கிறார். கல்யாண மண்டபத்தில் வெளுத்துக் காட்டிவிடுமோ என்று அஞ்சுகிறார். மேடை மட்டும் இதற்கு விலக்கு. பரதநாட்டியக் கலைஞரின் தலைசாமான் எத்தனை பவுன் என்று சபையில் யாரும் கேட்பதில்லை. தூரத்திலிருந்து தெரிகிறதா, முகத்தை எடுத்துக்காட்டுகிறதா என்பதே அங்கே கேள்வி. ஐரோப்பாவில் 1920களில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால், மேடையின் இந்த அளவுகோல் தெருவுக்கு இறங்கியது.

இறக்கியவர்களில் முதன்மையானவர் பாரிஸின் ஆடை வடிவமைப்பாளர் காப்ரியேல் ஷனெல். அவரிடம் காதலர்கள் அளித்த உண்மையான முத்தும் மரகதமும் இருந்தன. அவற்றைக் கண்ணாடி முத்துச் சரங்களோடு கலந்து, ஒன்றின்மேல் ஒன்றாக, சாதாரண ஜெர்சித் துணி உடையின் மீது பட்டப்பகலில் அணிந்தார். எது அசல், எது போலி என்பதைப் பிரித்துக் காட்ட அவர் அக்கறை கொள்ளவே இல்லை. 1924இல் தம் நிறுவனத்தில் அணிகலன் பட்டறை தொடங்கினார். 1869இல் தொடங்கிய, நாடக மேடைக்கும் நகை செய்து பழகிய கிரிப்வா பட்டறை அவருக்காக உருக்கிய வண்ணக் கண்ணாடியை உலோகச் சட்டங்களுக்குள் ஊற்றிக் கல்லாக்கியது. அந்தக் கல்லுக்குப் பட்டை கிடையாது. விளிம்பு சற்று வழிந்து, உள்ளே குமிழியோடு இருக்கும். மாணிக்கத்தைப் போலவே இருக்க வேண்டும் என்ற கவலை அதில் இல்லை.

சிசிலியப் பிரபு ஃபுல்கோ டி வெர்துரா 1927இல் துணி வடிவமைப்பாளராக ஷனெலிடம் சேர்ந்து நகைக்கு மாறினார். வெள்ளை எனாமல் பூசிய அகலமான காப்பின் நடுவே மால்ட்டா சிலுவை, அதில் நிறம் நிறமாய்க் கற்கள். பைசாந்திய மொசைக் ஓவியங்களை நினைவூட்டும் அந்தக் காப்புகளை ஷனெல் இரு கைகளிலும் போட்டுக்கொண்டு பல படங்களில் நிற்கிறார். 1932இல் அவரே பிளாட்டினமும் வைரமும் கொண்ட நகைக் கண்காட்சி ஒன்றை நடத்தியதையும் குறிப்பிட வேண்டும். பொருளாதார மந்தத்தில் தவித்த வைர வணிகர்கள் கேட்டு நடந்த கண்காட்சி அது. போலியை நாகரிகமாக்கியவரிடமே வைரக்காரர்கள் உதவிக்கு வந்தார்கள் என்பதிலிருந்து, வடிவமைப்பாளரின் பெயருக்கு அதற்குள் ஏறியிருந்த எடை தெரிகிறது.

இந்தத் துணிச்சலுக்கு ஒரு வர்க்கப் பின்புலம் உண்டு என்பதை நாகரிக வரலாறுகள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. அசலை வாங்க முடியும் என்று ஊர் அறிந்தவர்களுக்குத்தான் போலியை வெளிப்படையாக அணிவது முதலில் சாத்தியமானது. கப்பல் நிறுவனச் செல்வத்தில் பிறந்த நான்சி குனார்ட் இரு கைகளிலும் முழங்கை வரை ஆப்பிரிக்கத் தந்த வளையல்களை அடுக்கி 1926இல் புகைப்படக் கலைஞர் மான் ரேயின் படத்துக்கு நின்றபோது அது கலகமாகப் பார்க்கப்பட்டது. அதே வகை வளையலைத் தம் ஊரில் அணிந்த ஆப்பிரிக்கப் பெண்களைப் பாரிஸ் அப்படிப் பார்க்கவில்லை.

எல்சா ஸ்கியாபரெல்லி இன்னும் ஓர் அடி முன்னே போனார். ரோமில் 1890இல் பிறந்து பாரிஸில் உடைக்கூடம் நடத்திய அவர், சர்ரியலிஸ்ட்டுகளின் தோழி. எழுத்தாளர் எல்சா திரியோலே அவருக்காக ஆஸ்பிரின் மாத்திரை போன்ற மணிகளைக் கோத்து மாலை செய்தார். 1938இன் இலையுதிர்காலத் தொகுப்பில் வந்த கழுத்தணியில், நிறமற்ற பிளாஸ்டிக் பட்டையின் மீது உலோகப் பூச்சிகள் பதிந்திருந்தன. பட்டை கண்ணுக்குத் தெரியாததால் வண்டுகள் கழுத்தின் தோல்மீது ஊர்வது போலிருக்கும். தங்கத்தில் செய்திருந்தால் இந்த எண்ணமே பலித்திருக்காது. பிளாஸ்டிக்தான் அதன் உயிர். மலிவான பொருள் இங்கே எதற்கும் மாற்றாக வரவில்லை. அதனால் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்தது. நூற்றாண்டின் நகை வரலாற்றில் இதை மிக முக்கியமான திருப்பமாகக் கொள்ளலாம்.

அமெரிக்காவில் இதே மாற்றம் வணிகமாகப் பெருகியது. 1926இல் மிரியம் ஹாஸ்கல் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் போலி நகைக் கடை திறந்தார். உயர்தர நகைத் தொழிலில் பழகிய ஆல்ஃபிரட் பிலிப் 1930இல் டிரைஃபாரி நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளரானார். ஹாலிவுட்டில் யூஜின் ஜோசஃப், ஸ்டூடியோ விளக்கொளியில் கண்கூசாத மங்கலான பொன்பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்து, நகைகளை விற்காமல் படக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டார். 1939இல் வெளிவந்த ‘கான் வித் தி விண்ட்’ படத்தின் நகைகள் அவருடையவை. 1953இல் குடியரசுத் தலைவரின் மனைவி மேமி ஐசனோவர் பதவியேற்பு விழா நடனத்துக்கு டிரைஃபாரியின் போலி முத்துகளை அணிந்து சென்றார்.

ஆய்வாளருக்கு அந்த முத்துகளைவிட முக்கியமானது 1955இல் வந்த ஒரு தீர்ப்பு. தன் வடிவங்களை நகலெடுத்த சாரெல் நிறுவனத்தின்மீது டிரைஃபாரி வழக்குத் தொடுத்தது. மலிவு நகை கலைப்படைப்பு ஆகுமா என்ற கேள்விக்கு, ஆகும், அதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் விடையளித்தது. அசலைப் பார்த்துச் செய்யப்பட்டதாகக் கருதப்பட்ட பொருள், பிறர் நகலெடுக்கக் கூடாத அசலாகச் சட்டத்தின் முன் நின்றது.

டெட்ராய்ட்டில் பிறந்த கென்னத் ஜே லேன் 1960களில் இதைக் கொண்டாட்டமாக்கினார். செருப்பு வடிவமைப்பாளராக இருந்தபோது செருப்பில் பதித்த கற்களைப் பார்த்து வளையலிலும் பதித்தால் என்ன என்று தோன்ற, 1963இல் நகைத்தொழில் தொடங்கினார். ஜாக்குலின் கென்னடி அவருடைய வாடிக்கையாளர். 1989இல் பார்பரா புஷ் தம் கணவரின் பதவியேற்பு விழாவில் அணிந்த மூன்று சரப் போலி முத்தும் லேனுடையது. ஜாக்குலினின் உடைமைகள் 1996இல் ஏலத்துக்கு வந்தபோது, சில நூறு டாலர் போகும் என்று மதிப்பிட்டிருந்த ஒரு மூன்று சரப் போலி முத்துமாலை 2,11,500 டாலருக்கு விற்றது.

இதுவரை வந்தவர்களில் பெரும்பாலோர் செய்தவர்கள் அல்லது விற்றவர்கள். அணிவதையே ஒரு படைப்பாக ஆக்கிக் காட்டியவர் ஐரிஸ் ஆப்ஃபெல். 1921இல் நியூயார்க்கின் குவீன்ஸில் பிறந்த அவர், கணவர் கார்லுடன் சேர்ந்து பழங்காலத் துணிகளை மறுஆக்கம் செய்யும் நிறுவனத்தை நடத்தினார். வெள்ளை மாளிகையின் அலங்காரத்தில் ஒன்பது குடியரசுத் தலைவர்களின் காலத்தில் அவர்களுக்குப் பங்கிருந்தது. துணி தேடிப் போன ஊர்களின் சந்தைகளில் நகை வாங்கினார். பாரிஸ் உடையின்மேல் பழைய பொருள் சந்தையில் கிடைத்த மணிமாலைகள், கைநிறைய பிளாஸ்டிக் வளையல்கள், முகத்தில் பாதியை மறைக்கும் வட்டக் கண்ணாடி. பார்த்தால் கை போன போக்கில் அள்ளிப் போட்டதுபோல் தோன்றும். கூர்ந்து பார்த்தால் ஒரு நிறம் மூன்று இடங்களில் திரும்பி வருவதும், சொரசொரப்பான மணிக்குப் பக்கத்தில் வழவழப்பானது அமர்ந்திருப்பதும் தெரியும். துணி நெய்தவரின் கண் அது.

2005இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பைக் கண்காட்சியாக வைத்தது. வடிவமைப்பாளர் அல்லாத, வாழும் ஒருவரின் ஆடை அணிகளுக்கு அந்த அருங்காட்சியகம் அளித்த முதல் தனிக் கண்காட்சி அது. அப்போது அவருக்கு வயது 84. அதன்பின் ஆல்பர்ட் மெய்ஸில்ஸ் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 97ஆம் வயதில் ஒரு மாடலிங் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. 2024 மார்ச்சில், 102ஆம் வயதில் காலமானார். முதுமைக்கு அடக்கமான நிறம்தான் பொருந்தும் என்ற எழுதாத விதியை அவர் ஒரு நாளும் ஏற்கவில்லை. பாட்டிக்கு எதற்கு இவ்வளவு பெரிய வளையல் என்று கேட்கும் சமூகங்களில் அவருடைய படங்கள் இவ்வளவு விரும்பிப் பகிரப்படுவது தற்செயல் ஆகாது.

சமகால வடிவமைப்பாளர்களில் ஸ்கியாபரெல்லி நிறுவனத்துக்கு 2019இல் வந்த டேனியல் ரோஸ்பெரி அந்த 1938ஆம் ஆண்டு மரபை நேரடியாக எடுத்துக்கொண்டவர். 2021இல் கான் திரைப்பட விழாவில் மாடல் பெல்லா ஹடிட் அணிந்த அவருடைய கழுத்தணி, நுரையீரலின் மூச்சுக்குழல் கிளைகளைப் பொன்பூசிய பித்தளையில் காட்டியது. லண்டனில் ஷான் லீன் வேறு பாதையில் அதே இடத்துக்கு வந்தார். தங்க நகைத் தொழிலைப் பட்டறையில் முறையாகக் கற்ற அவர், ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீனின் மேடைகளுக்காக அலுமினியத்தைக் கையில் எடுத்தார். இடுப்பிலிருந்து கழுத்து வரை வளையம் வளையமாக உடலைச் சுற்றும் கச்சை 1999இல் வந்தது.

நகை செய்த இத்தகைய கைகளுக்கு உரிய பெயர் எப்போதும் கிடைத்ததில்லை. போருக்கு முந்தைய ஷனெல் நகைகள் பெரும்பாலும் முத்திரை இல்லாதவை. கிரிப்வாவில் கண்ணாடி ஊற்றியவர்களின் பெயர்கள் அருங்காட்சியக அட்டைகளில் இல்லை. 1950கள் முதல் ஷனெலுக்கு வேலை செய்த ரொபேர் கூசன்ஸின் பட்டறையை 2005இல் ஷனெல் நிறுவனமே வாங்கிக்கொண்டது. லீன் மட்டும் தம் படைப்புகளைத் தாமே பாதுகாத்து வைத்திருந்தார். 2017 டிசம்பரில் நியூயார்க்கில் சோதபீஸ் ஏல நிறுவனம் அவற்றை அவர் பெயரிலேயே ஏலம் விட்டபோது, அந்த அலுமினியக் கச்சை 8,07,000 டாலருக்கு விற்றது.