அஞ்சற்காரரா, மொழிபெயர்ப்பாளரா? பொருள்களின் இணையத்தில் ஒரு பழைய வழக்கு

பொருள்களின் இணையத்தைக் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் ஓர் அடுக்குப் படத்தோடு தொடங்குகின்றன: கீழே உணரிகள், நடுவே நுழைவாயில், மேலே மேகக்கணினி. நடுவிலுள்ள அந்தப் பெட்டி இயற்கையின் நியதியன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1999-இல் டெபோரா எஸ்ட்ரினும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, உணரி வலையமைப்புகளுக்கு இணையத்தின் கட்டமைப்பு பொருந்தாமற் போகலாம் என வாதிட்டது. ஆயிரக்கணக்கான உணரிகளிடம் நாம் கேட்பது ‘எந்தக் கருவி?’ என்பதன்று, ‘எங்கே வெப்பம் மிகுந்துள்ளது?’ என்பதே. அவ்வாறாயின் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி எதற்கு? உள்ளே தனி நெறிமுறை, விளிம்பில் மொழிபெயர்க்கும் நுழைவாயில் என்ற வடிவம் இவ்வகைச் சிந்தனையில் வேரூன்றியது. 2003-இல் வந்த ஐஇஇஇ 802.15.4 தரமும் அதற்கு வலுச் சேர்ப்பதாகத் தோன்றியது. அதன் சட்டகம் 127 பைட் மட்டுமே. ஐபி ஆறாம் பதிப்போ 1280 பைட் பொட்டலத்தைச் சுமக்கும் இணைப்பைக் கோரியது. தலைப்புக்கே 40 பைட் வேண்டும்.

மறுப்பு சுவீடனிலிருந்து வந்தது. 8-பிட் நுண்செயலியிலும் முழுமையான டிசிபி/ஐபி இயங்கும் என்று ஆடம் டங்கெல்ஸ் 2003-இல் மெய்ப்பித்தார். 2007-இல் வெளியான ஆர்எஃப்சி 4944, பெரிய பொட்டலத்தைத் துண்டாக்கவும் தலைப்பைச் சுருக்கவும் வழி வகுத்தது. 2011-இன் ஆர்எஃப்சி 6282-இன்படி, உகந்த சூழலில் அந்த 40 பைட் தலைப்பு இரண்டே பைட்டில் அடங்கும். இதற்கிடையே 2008-இல் ஜோனதன் ஹூயியும் டேவிட் கல்லரும் ஐபி பேசும் உணரிகளை ஒரு வீட்டில் நான்கு வாரங்கள் இயக்கி, 99.98 விழுக்காட்டுத் தரவு வந்து சேர்ந்ததைப் பதிவு செய்தனர். கல்லர், ஐபியை முன்பு ஒதுக்கிவைத்த பெர்க்லி ஆய்வு மரபின் முன்னோடிகளுள் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இனி விளிம்பில் ஓர் எல்லைத் திசைவி போதும். அது அஞ்சற்காரரைப் போன்றது: உறையைப் பிரிக்காமல் கொண்டு சேர்க்கும். நுழைவாயிலோ மடலைப் பிரித்து, படித்து, மாற்றி எழுதும் மொழிபெயர்ப்பாளர். அவர் இல்லையேல் உரையாடலே இல்லை.

தொழில்நுட்பத் தடை நீங்கிய பின்னும் நுழைவாயில்கள் நிலைத்ததற்கு வணிகமும் ஒரு காரணம் என்பது என் வாதம். மொழிபெயர்ப்பாளரை வைத்திருப்பவரே வாடிக்கையாளரையும் வைத்திருக்கிறார். ரிவால்வ் என்ற வீட்டு நுழைவாயிலை விற்ற நிறுவனத்தை 2014-இல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவை நிறுத்தப்பட்டது. பெட்டிகளில் பழுதில்லை, ஆயினும் அவை பயனற்றுப் போயின.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. 2021-இல் தொடங்கிய மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டம், இந்தியாவில் 25 கோடி திறன்மிகு மின்மானிகளைப் பொருத்த இலக்கு வகுத்தது. மானியின் தரவு பேசும் மொழியை ஐஎஸ் 15959 பொதுவாக்கியிருப்பது நற்றொடக்கம். ஆனால் நடுவிலுள்ள வலை யாருடைய நெறிமுறையில் இயங்குகிறது? அதை நிறுவி நடத்தும் சேவை நிறுவனத்தின் ஒப்பந்தக் காலம் முடிந்தபின், வேறொருவர் அதனை ஏற்று நடத்த இயலுமா?

கட்டமைப்பு வரைபடத்தை மனப்பாடம் செய்யும் மாணவர்கள், நடுப்பெட்டியைச் சுட்டி இக்கேள்விகளையும் கேட்க வேண்டும். விடை பொறியியலில் மட்டும் இல்லை. ஒப்பந்தப் பத்திரத்திலும் இருக்கிறது.