நடுக்குவாதமும் நினைவுத் தளர்ச்சியும்

மலாயாவில் இரப்பர் முதன்முதலாக வாணிக நோக்குடன் தோட்டப் பயிராக நடப்பெற்ற இடம் மலாக்கா ஆகும். 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனச் செல்வர் புக்கிட் லிந்தாங்கில் 43 ஏக்கர் நிலத்தில் கன்றுகளை நட்டார். பின்னர்ப் புக்கிட் அசகானில் அதனினும் பன்மடங்கு பெரிய தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்கள் பால்மரக் காடுகளாயின. அவற்றின் நிரைகளில் உளி பிடித்த கைகளுள் மிகப்பல தமிழ்க் கைகள்.

அக்கைகள் செய்த வேலை எளிதன்று. பட்டையை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும்; உள்ளிருக்கும் உயிர்ப்படலத்தை உளி தொட்டுவிடலாகாது. தொட்டால் மரத்தில் காயம் விழும். காயம் முண்டாகி, மறுபடி அவ்விடத்தைச் சீவ இயலாமற் போகும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரைக்குப் போய், கோட்டுப்பாலை உரித்து, சில நூறு மரங்களை வரிசை தவறாமல் சீவி, மங்கைத் துடைத்து வைத்து, வந்த வழியே திரும்பிப் பாலெடுத்து, வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டுச் சுமந்து வந்து நிறுவைக்கு நிற்க வேண்டும். இதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. அடுத்தது எது, விட்டது எது என்று ஓயாமல் கணிக்கும் மனத்திறனும் வேண்டும். நடுக்குவாதம் என்று நம் முன்னோரும், பார்க்கின்சன் நோய் என்று மேலை மருத்துவரும் கூறும் பிணி தாக்குவது இவ்விரண்டையுமே. ஆயினும் முதலாவதையே உலகம் கண்டது. இரண்டாவதைக் காண நெடுங்காலம் ஆயிற்று.

இந்தக் குறைக்கு வித்திட்டவர், நோயை முதலில் தெளிவுற விளக்கிய அறிஞரே என்பது வியப்புக்குரியது. 1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு நோயாளரைக் கொண்டு ஒரு சிறு நூல் எழுதினார். அவர்களுள் சிலர் அவர் தெருவில் கண்டு உசாவியவர்கள். உறுப்புகளின் நடுக்கம், முன்சாய்ந்த நடை ஆகியவற்றை நுட்பமாக எழுதிய அவர், புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றும் எழுதிவிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின் பாரிஸ் நகரில் ஷார்க்கோ என்னும் பேரறிஞர் இதனை மறுத்தார். நோய் முற்றும்போது அறிவும் மங்குகின்றது என்று அவர் எடுத்துக்காட்டினார். நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டியவரும் அவரே. பெயர் நிலைத்தது, திருத்தம் அவ்வளவாக நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் இது கைகால் நோய் என்னும் எண்ணமே மேலோங்கி நின்றது.

மருந்தின் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. பூனைக்காலி விதை நம் நாட்டு வைத்தியர் நெடுங்காலமாகக் கையாண்ட சரக்கு. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் அவ்விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது எதற்குப் பயன்படும் என்பது அன்று எவருக்கும் விளங்கவில்லை. 1957-இல் சுவீடன் அறிஞர் கார்ல்சன், மூளையில் டோபமீன் என்னும் பொருளின் சிறப்பைக் காட்டினார். 1960-இல் வியன்னாவில் எரிங்கர், ஹார்னிகீவிச் இருவரும், நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையில் அது வற்றியிருப்பதைக் கண்டனர். 1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ், லெவோடோபாவைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்து, உறைந்து கிடந்தோரை எழுந்து நடக்கச் செய்தார். பூனைக்காலியின் உறவுக்கொடி ஒன்று இன்று மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் மண்ணை மூடும் பயிராகப் படர்ந்து கிடக்கின்றது. அதைப் பறித்துக் கசாயம் வைக்கலாமென எவரும் துணியலாகாது. அளவறியாது உண்டால் கேடு விளையும்.

லெவோடோபா கைகாலை விடுவித்த அளவுக்கு மனத்தை விடுவிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 136 நோயாளரைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்தனர். இருபது ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர் சிறு பகுதியினரே. அவர்களுள் நூற்றுக்கு 83 பேருக்கு அறிவுத் தளர்ச்சி முற்றியிருந்தது என 2008-இல் வெளியாயிற்று. ஆனால் முற்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அறிகுறிகள் தொடங்குகின்றன. நோயாளி ஊர்பேர் மறப்பதில்லை. திட்டமிடல் தடுமாறும், கவனம் சிதறும், நடந்துகொண்டே பேசினால் கால் நின்றுவிடும், தூரமும் இடமும் மதிப்பிடுவது பிசகும். மறந்ததற்கு ஒரு குறிப்புக் கொடுத்தால் பெரும்பாலும் நினைவு வந்துவிடும். ஊக்கம் குன்றி ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதும் நோயின் கூறே. வீட்டார் இதனைச் சோம்பல் என்பர், பிடிவாதம் என்பர். 'சொன்னால் செய்கிறார், தானாகச் செய்வதில்லை' என்று மருமகள் குறைப்படுவாள். அவள் அறியாமலே சொல்வது மிகச் சரியான மருத்துவக் குறிப்பாகும்.

தோட்டங்களில் இந்நோய் ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கு வரலாற்றில் விடை தேட வேண்டும். 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து, முதுமையாலோ நோயாலோ உழைக்க இயலாத தொழிலாளரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவது வழக்கமாயிருந்தது. 1930-க்குப் பிந்திய பொருளாதார மந்தத்தின்போது உழைக்கக் கூடியவர்களும் பல்லாயிரவராகக் கப்பலேற்றப்பட்டனர். கை நடுங்கியவர் தோட்டத்தில் முதுமையடைய வாய்ப்பே குறைவு. 1938-இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர் வருகையை நிறுத்திய பின்னரே, இங்கேயே மூத்து இங்கேயே மறையும் தலைமுறை பெருகிற்று. தோட்ட மருத்துவம் அதற்கென அமைக்கப்பட்டதன்று. மலேரியா, கொக்கிப்புழு, பேறுகாலம், வெட்டுக்காயம் என உழைப்பைத் தடுக்கும் நோய்களே அதன் கவலை. 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளரை மக்கள் 'டிரெசர்' என்றே அழைத்து வந்தனர். அவர் கண்முன் பெரட்டில் நிற்பவரே நோயாளி. பெயர் வெட்டப்பட்டவர் அவர் கணக்கில் இல்லை. வேலை நின்றால் லயத்து வீடும் போயிற்று. முதியவர் மலாக்கா நகரின் ஓரத்திலோ பத்து பெரண்டாமிலோ மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். பழகிய பாதையும் பழகிய வேலை ஒழுங்கும் அகன்றபோது, அதுவரை மறைந்திருந்த மனத்தடுமாற்றம் வெளிப்பட்டது.

களைக்கொல்லி மருந்தான பாராகுவாட் பற்றியும் சொல்ல வேண்டியுள்ளது. மலேசியத் தோட்டங்களில் அதனை முதுகில் சுமந்து தெளித்தவருள் தமிழ்ப் பெண்கள் மிகப்பலர். 2011-இல் அமெரிக்க உழவர் குடும்பங்களை ஆராய்ந்தோர், அதனைக் கையாண்டவரிடம் நடுக்குவாதம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு காணப்பட்டதெனக் கூறினர். ஒரு தனி மனிதரின் நோய்க்கு இதுவே காரணம் என்று இதனால் முடிவு கட்ட இயலாது. மலேசியா 2002-இல் விதித்த தடையை 2006-இல் தளர்த்தி, இறுதியில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து அறவே தடைசெய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தெளித்தவர்கள் இன்று முதியோர்.

மருந்துக்கு அப்பாற்பட்ட மறுவாழ்வுப் பயிற்சி இந்நோய்க்குப் பெரிதும் வேண்டப்படுவது. தரையில் கோடிட்டால் உறைந்த கால் அதைத் தாண்டி நடக்கும். தாளம் கேட்டால் அடி சீராகும். மாரியம்மன் கோயில் உருமியோசையில் வளர்ந்த செவிக்கு இதை விளக்கவே தேவையில்லை. தாழ்ந்துபோன குரலை உரக்கப் பேசப் பழக்கலாம். ஆனால் அப்பழக்கம் நோயாளி பேசும் மொழியிலேயே நடக்க வேண்டும். வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாய் நினைவூட்டப் பழக்கினால் மனத்தடுமாற்றமும் தாங்கத்தக்கதாகும்.

மலாக்காவுக்கு இவ்வகையில் ஒரு பேறுண்டு. 2014-இல் ஆயர் குரோவில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ, துன் ரசாக் பெயரால் பெரியதொரு மறுவாழ்வு மையத்தைத் திறந்தது. எனினும் அதன் முதல் நோக்கம், சந்தா செலுத்தும் தொழிலாளரை மீண்டும் வேலைக்கு அனுப்புவது. இயலாமை ஓய்வூதியமும் 60 வயதுக்குள் இயலாமை அடைந்தவர்க்கே. நடுக்குவாதமோ பெரும்பாலும் அறுபதை ஒட்டியோ தாண்டியோ வருவது. அதற்கு முன்னரே வந்தாலும், நிரையைத் தவறவிட்டு, நிறுவைக் கணக்கில் பிசகி, 'வயதாகிவிட்டது' என்று வேலையை விட்டவர், தமக்கு வந்தது ஒரு நோய் என்று அறிந்தால்தானே விண்ணப்பிப்பார்?

அறிய ஒரு சோதனை வேண்டும். அங்கும் இடர் உண்டு. மருத்துவர் கையாளும் மனத்திறன் வினாத்தாள்கள் கனசதுரம் வரையச் சொல்லும். எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோடிட்டு இணைக்கச் சொல்லும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகளே இருந்த ஆடவர், பள்ளியே காணாத பெண்டிர் ஆகியோர் இதில் தோற்பது நோயாலா, பென்சில் பிடிக்காத பழக்கத்தாலா என்று எங்ஙனம் பிரிப்பது? கல்வி குறைந்தோர்க்கெனப் படிப்பறிவு வேண்டாத சோதனைகளும் பின்னர் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றோடு ஒன்று சேர்க்கத்தகும்: காலையில் நிரைக்குப் போனதும் முதலில் எதைச் செய்வீர்கள், அடுத்து எது, பாலெடுக்கத் திரும்புமுன் எது என்று கேட்பது. நாற்பது ஆண்டு பால்மரம் சீவிய மூதாட்டி அதற்குச் சொல்லும் விடையில், கனசதுரம் காட்டாத பலவும் தெரியவரும்.