சேஸிஸ் மீது எழுந்த கார்: டிரையம்ப் ஹெரால்டும் சென்னை ஸ்டாண்டர்டும்

1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்ட் காரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் தோற்றத்திலிருந்தே தொடங்குகிறார்கள். டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த கூரிய விளிம்புகளும், மெல்லிய கூரைத் தூண்களும், அகன்ற கண்ணாடிகளும் அன்றைய பிரிட்டிஷ் சிறிய கார்களுக்கு நடுவே அதைத் தனித்துக் காட்டின. சேஸிஸ் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் பாராட்டு நின்றுவிடுகிறது. தனிச் சேஸிஸ் மேல் பாடியை உட்காரவைப்பது 1959-க்கே பழைய முறை. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த மினியில் சேஸிஸ் என்று தனியாக எதுவும் இல்லை, பாடியே சுமையைத் தாங்கியது. ஆகவே ஹெரால்ட், அழகான மேனி போர்த்திய பின்தங்கிய கார் என்பது பரவலான தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு தலைகீழானது. ஹெரால்டின் முதன்மையான வடிவமைப்பு முடிவே அந்தச் சேஸிஸ்தான். மிக்கெலோட்டியின் கோடுகள் அதற்குக் கட்டுப்பட்டுப் பிறந்தவை. இதற்கான வலுவான சான்று கார் பிறந்த கோவன்ட்ரியைவிடச் சென்னையை அடுத்த வண்டலூரில் அதிகம் கிடைக்கிறது.

முதலில் காரணத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு பாடி அங்கிருந்து வராது என்பது தெளிவாயிற்று. பாடியே சுமை தாங்கும் காருக்குப் பெரிய அச்சுகள் வேண்டும், பெரிய பிரஸ்கள் வேண்டும், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் துல்லியமாக இணைக்கும் ஆலை வேண்டும். ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் கையில் அந்த வசதி இல்லை. தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் தேர்ந்த வழி எளிமையானது: சுமையைச் சேஸிஸ் தாங்கட்டும், பாடியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, வெவ்வேறு பட்டறைகளில் செய்து வாங்கி, போல்ட் போட்டு முடுக்கிக்கொள்ளலாம்.

நிறுவனத்துக்குள்ளேயே வரைந்த முதல் மாதிரிகள் களையற்று இருந்தன. 1957-இல் மிக்கெலோட்டி உள்ளே வந்ததும் கார் உயிர்பெற்றது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அவர் கையில் வெறும் வெள்ளைத் தாள் இருக்கவில்லை. எந்த இடத்தில் பாடி பிரியும், எந்த இடத்தில் இணையும் என்பதைப் பட்டறைகளின் திறன் பெருமளவு முடிவு செய்திருந்தது. அந்தக் கட்டாயத்தை அவர் அழகாகக் கையாண்டார் என்பதே அவருடைய சாதனை.

பானட்டைப் பாருங்கள். இரு பக்கத்துக் கொக்கிகளையும் விடுவித்துத் தூக்கினால் மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்த முன்பகுதி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் திறந்த வெளியில் நிற்கும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைச் சரிசெய்யலாம். கூரையும் அப்படித்தான்: போல்ட்களைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அதனால் ஒரே அடித்தளத்தில் சலூன், கூப்பே, திறந்த கார், எஸ்டேட், வேன் என்று பல வடிவங்களைக் கட்ட முடிந்தது. முன்சக்கரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பின. 25 அடி வட்டத்துக்குள் கார் திரும்பிவிடும். அந்தச் சேஸிஸின் வழியில்தான் 1962-இல் டிரையம்பின் விட்டெஸ், ஸ்பிட்ஃபயர் கார்களும் பிறந்தன. பின்தங்கிய முறை என்றால் இவ்வளவு சந்ததி ஏது?

குறைகள் இருந்தன. போல்ட் போட்ட இணைப்புகள் தண்ணீரை உள்ளே விட்டன, சத்தம் எழுப்பின. பின்பக்கத்துக் குறை இன்னும் பெரியது. அரை ஆக்சில்கள் டிஃபரன்ஷியல் அருகே மட்டும் மடங்கும் சஸ்பென்ஷன் அது. வேகமாகத் திருப்பும்போது வண்டியின் பின்பக்கம் மேலெழுந்தால், சக்கரம் உள்ளே மடங்கிப் பிடியை இழக்கும்.

இனி சென்னை. 1950 வாக்கில் ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காரைப் பொருத்தத் தொடங்கிய, வண்டலூரில் ஆலை கொண்டிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1961-இல் 948 சிசி எஞ்சினுடன் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைக் கொண்டுவந்தது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் என்று இந்தியர்களுக்கு வாய்த்த தேர்வு சுருங்கியிருந்த காலம் அது. மூன்றில் தனிச் சேஸிஸ் கொண்டது ஹெரால்ட் ஒன்றுதான். பெட்டிகளில் வந்து இறங்கும் பாகங்களைக் கோத்து, படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களுக்கு மாற வேண்டிய ஆலைக்கு இதைவிடப் பொருத்தமான கட்டமைப்பு கிடைத்திருக்காது. ஒரு பகுதியை உள்ளூரில் செய்யக் கற்றுக்கொண்டால் அதை மட்டும் மாற்றலாம். மற்றவை அப்படியே இருக்கும். கோவன்ட்ரியின் நெருக்கடிக்குக் கண்டுபிடித்த தீர்வு, முதலீடு குறைந்த சென்னையின் தேவைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாக அமைந்தது.

இரண்டு கதவுதான் இந்தியாவில் ஹெரால்டின் பலவீனம். பின்சீட்டில் பெரியவர்கள் ஏறி இறங்கும் குடும்பக் காருக்கு அது பெரும் இடைஞ்சல். 1960-களின் இறுதியில் வந்த மார்க் 3 வரிசையில் நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவுக்கென்றே தயாரானது; பிரிட்டனில் அப்படியொரு ஹெரால்ட் விற்கப்படவே இல்லை. பாடி சுமை தாங்கும் காராக இருந்திருந்தால் கூடுதல் கதவுக்குத் திறப்பு வெட்டுவது கட்டமைப்பு முழுவதையும் மறுபடி கணக்கிடும் வேலையாகியிருக்கும். சுமை கீழே சேஸிஸில் இருந்ததால் அது சிறிய ஆலைக்கும் எட்டும் வேலையாயிற்று.

ஹெரால்டை அடியொற்றி 1972-இல் வந்த ஸ்டாண்டர்ட் கேஸல் இந்த வாதத்தின் மறுபாதியைச் சொல்கிறது. எஞ்சின் அதே 948 சிசி. மாறியது பின் ஆக்சில். மடங்கும் அரை ஆக்சில்களை இந்திய வாங்குபவர்களும் மெக்கானிக்குகளும் விரும்பவில்லை. ஆள் ஏறி பளு கூடினால் பின்சக்கரங்கள் மேற்புறம் உள்ளே சாயும் அமைப்பு அது. டயரின் உள்விளிம்பு தேய்வதற்கு வழி. அதை நீக்கி, பழகிய முழு ஆக்சிலைப் பொருத்தினார்கள். 1959-இல் நவீனம் என்று விளம்பரம் பெற்ற தனித்தியங்கும் பின் சஸ்பென்ஷன் இந்தியச் சாலையில் தள்ளுபடியாயிற்று. பழமை என்று ஒதுக்கப்பட்ட தனிச் சேஸிஸோ, 1977 வாக்கில் கேஸல் உற்பத்தி நிற்கும்வரை வேலை செய்தது.