கார்த்தேஜில் கனவுக்கு நடந்த விசாரணை

கி.பி. 203 மார்ச் 7 அன்று கார்த்தேஜ் அரங்கில் மறைசாட்சியாக இறந்த பெர்பெத்துவாவுக்கு 22 வயது இருக்கும். கையில் பால்குடி மாறாத குழந்தை. சிறையில் அவர் எழுதிய குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. நமக்கு வரப்போவது சாவா, விடுதலையா என்று ஆண்டவரிடம் கேட்டுச் சொல்லும்படி உடன்பிறந்தவர் வேண்டுகிறார். நாளைக்குச் சொல்கிறேன் என்று பெர்பெத்துவா வாக்குக் கொடுக்கிறார். அன்றிரவு கண்டது வானம் முட்டும் வெண்கல ஏணி. அதன் இருபுறமும் வாளும் ஈட்டியும், அடியில் பெரும் பாம்பு, மேலே ஆடு கறந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர். அவர் கொடுத்த பாற்கட்டியின் இனிப்பு விழித்தபிறகும் வாயில் இருந்தது. சாவுதான் என்று இருவரும் முடிவுசெய்தார்கள். ஆயரைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. உடன் சிறையிருந்த சத்துருஸ் கண்ட காட்சி இன்னும் ஒருபடி மேலே போகிறது: விண்ணக வாசலுக்கு வெளியே ஆயர் ஒப்தாத்துஸும் மூப்பர் அஸ்பாசியுஸும் ஒருவரோடொருவர் பிணங்கி நிற்கிறார்கள், எங்களைச் சமாதானப்படுத்துங்கள் என்று மறைசாட்சிகளின் காலில் விழுகிறார்கள். மந்தையைத் திருத்தப் பார் என்று வானதூதர்கள் ஆயரையே கடிந்துகொள்கிறார்கள்.

ஆதித் திருச்சபை கனவை நம்பியதா என்று கேட்பதில் பெரிய பயனில்லை. யோசேப்பின் கனவுகளை மத்தேயு நற்செய்தியில் வாசித்தவர்கள் அதை எப்படி மறுப்பார்கள்? மனிதரில் பெரும்பாலோர் கடவுளை அறிவதே கனவின் வழியாகத்தான் என்று எழுதியவர் அதே கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியன். வட ஆப்பிரிக்காவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இழுபறியாக இருந்த கேள்வி வேறு: கனவு கண்டவருக்கு அதைக் காட்டிப் பிறரைக் கட்டுப்படுத்தும் உரிமை உண்டா? 203இல் கனவு நீதிபதியாக அமர்ந்திருந்தது. ஹிப்போ ஆயர் அகுஸ்தினாரின் காலத்துக்குள் அது சாட்சிக் கூண்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த இடமாற்றம் கனவைக் கொன்றுவிடவில்லை, திருச்சபைக்குள் நிலைக்கவே வைத்தது என்பது என் வாதம்.

மாற்றம் ஆயர்கள் கனவை வெறுத்ததால் தொடங்கவில்லை. 250இல் தேசியுஸ் பேரரசரின் துன்புறுத்தலில் பலர் தெய்வங்களுக்குப் பலியிட்டுப் பின்வாங்கினார்கள். சிறையிலிருந்த விசுவாசிகள் அவர்களுக்கு மன்னிப்புச் சீட்டு கொடுக்க, தலைமறைவாக இருந்த ஆயர் சிப்ரியானின் அதிகாரம் ஆட்டம் கண்டது. சிப்ரியான் என்ன செய்தார்? தமக்கும் தம்மைச் சுற்றியிருந்த சிறுவர்களுக்கும் கிடைத்த காட்சிகளைக் கடிதங்களில் எடுத்துக்காட்டினார். கனவு காண்கிறவர் என்று ஏளனம் செய்தவருக்கு, பழைய ஏற்பாட்டு யோசேப்பின் சகோதரர்களும் அப்படித்தான் பேசினார்கள் என்று பதில் எழுதினார். கெட்டிக்காரத்தனமான பதில்தான், ஆனால் ஆயருக்கும் கனவு, கைதிக்கும் கனவு என்றால் தீர்ப்பு யாருடையது?

அதற்கு விடை வர 401 ஆகவேண்டியிருந்தது. வயல்களிலும் வழியோரங்களிலும் கனவில் கண்டதாகச் சொல்லி எழுப்பிய மறைசாட்சிப் பீடங்களை ஏற்கக் கூடாது என்று அவ்வாண்டு கார்த்தேஜில் கூடிய ஆயர் சங்கம் விதித்தது. உடலோ திருப்பண்டமோ இருப்பதாக உறுதிப்படாத நினைவிடங்களை இடிக்கச் சொன்ன அதே விதி, மக்கள் கலகம் செய்வார்கள் என்றால் அறிவுரையோடு நிறுத்திக்கொள்ளவும் இடம் கொடுத்தது. ஆயர்களுக்கு ஊர் தெரியும்.

இது எளியவர்களின், குறிப்பாகப் பெண்களின், வாயை அடைத்த அதிகார வேலை என்று சொல்லலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிரிந்துபோன தொனாத்தியர் சபையோடு நடந்த சண்டையில் யாருடைய மறைசாட்சிக்குப் பீடம் என்பது அரசியல் கேள்வியும்கூட. ஆனால் கட்டற்ற கனவு என்ன செய்யும் என்பதையும் பார்க்க வேண்டும். பெர்பெத்துவா சிறையில் ஜெபித்தபின், ஏழு வயதில் இறந்த தம்பி தினோக்ராத்தஸ் நலமாகித் தண்ணீர் குடிப்பதைக் கண்டார். அதை ஆதாரமாக வைத்து, திருமுழுக்குப் பெறாத குழந்தைக்கும் மீட்பு உண்டு என்று 420 வாக்கில் வின்சென்ஷியஸ் விக்டர் என்ற இளைஞர் வாதிட்டார். பெர்பெத்துவாவின் நூல் திருநூல் வரிசையில் இல்லை, சிறுவன் திருமுழுக்குப் பெற்றிருக்கலாமே என்று அகுஸ்தினார் மறுத்தார். குழந்தைகள் விஷயத்தில் என் மனம் விக்டர் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் ஒருவரின் கனவிலிருந்து எல்லாருக்குமான கோட்பாட்டை எழுப்ப முடியாது என்பதில் அகுஸ்தினார் சொன்னதே சரி. அதே பெர்பெத்துவாவின் திருநாளில் அவரே மறையுரையும் ஆற்றினார்.

இன்னொரு ஆட்சேபம் கடினமானது: எது கடவுளின் கனவு என்று பிரித்தறிய வழி என்ன? அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா, சொல்லால் விளக்க முடியாத ஒரு சுவையால் தெரியும் என்றார். பிறரால் அதைச் சோதிக்க முடியாது. மகன் வேறு பக்கம் போனார். கார்த்தேஜ் ஆசிரியர் எவுலோகியுஸின் கனவில் தாம் தோன்றி, சிசரோ நூலின் புரியாத பகுதி ஒன்றை விளக்கியதாகவும், அப்போது மிலானில் இருந்த தமக்கு அது தெரியவே தெரியாது என்றும் எழுதுகிறார். கனவில் வரும் உருவம் அந்த ஆளின் செயலாக இருக்கத் தேவையில்லை என்பது அவர் முடிவு.

அதை எழுதிச் சில ஆண்டுகளுக்குப் பின் கப்பதோக்கியாவிலிருந்து பவுலும் பல்லாதியாவும், உடல் நடுங்கும் நோயோடு, ஹிப்போவுக்கு வந்தார்கள். அகுஸ்தினாரின் உருவம் பல்லாதியாவின் கனவில் தோன்றி வழிகாட்டியதாம். முதல் மறைசாட்சி ஸ்தேவானின் திருப்பண்டங்கள் இருந்த இடத்தில் முதலில் பவுல் குணமானார். பவுலின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கி, இருவரையும் மக்கள் முன் நிறுத்தி வாசிக்கச் செய்தார் ஆயர்; அதன்பின் பல்லாதியாவும் குணமானார். எவுலோகியுஸின் கனவைப் பற்றிக் கேட்ட கேள்வியை இங்கே அவர் கேட்கவில்லையே என்று குறை சொல்லத் தோன்றும். ஆனால் அவர் ஊரைக் கூட்டிக் காட்டியது நடுக்கம் நின்ற கைகால்களை. கனவு அவர்களை ஹிப்போ வரை அழைத்துவந்ததோடு சரி.