கையொப்பம் சரி, ஒப்பமிட்டவர் யார்?

மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, அலுவலகக் கோவைகள் போன்றவற்றிற் பெரும்பகுதி இன்று பயன்படுத்துவோரின் சொந்தக் கணினியில் தங்கியிருப்பதில்லை. தொலைதூரத்திலுள்ள பெரும் கணினி நிலையங்களில் பேணப்பட்டு, இணையத்தின் ஊடாகவே அவை எமக்குக் கிடைக்கின்றன. இதனையே முகில் கணிமை என அழைக்கின்றனர். மறுமுனையில் இருப்பது உண்மையான சேவைதானா என்பதை நாம் அறிவது எவ்வாறு? உள்ளே நுழைபவர் உரிமையுடையவர்தானா என்பதை அச்சேவை அறிவது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடையளிப்பதில் முதன்மையானது இலக்கமுறைக் கையொப்பமாகும்.

இதற்கான அடிப்படைக் கருத்தை 1976ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான டிஃபி, ஹெல்மன் ஆகியோர் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் ஆகிய மூவரும் அதற்குச் செயல்வடிவம் கொடுத்தனர். ஒன்றோடொன்று தொடர்புடைய இரு திறவுகோல்கள் இதற்குத் தேவை. அந்தரங்கத் திறவுகோலை உரியவர் மாத்திரம் வைத்திருப்பார்; பகிரங்கத் திறவுகோல் எவருக்கும் வழங்கப்படும். முன்னையதால் இடப்பட்ட ஒப்பத்தைப் பின்னையதால் சரிபார்க்கலாம். ஆவணத்தில் ஓர் எழுத்து மாற்றப்பட்டிருப்பினும் சரிபார்ப்பு தவறிவிடும்.

ஒரு பகிரங்கத் திறவுகோல் இன்ன நிறுவனத்துக்கே உரியது என்பதைச் சான்றளிக்கும் அமைப்புகள் தமது ஒப்பத்தால் உறுதிப்படுத்துகின்றன. பயனர் ஒருமுறை கடவுச்சொல்லை அளித்ததும், முகிற்சேவை அவருக்கு ஒப்பமிட்ட அனுமதிச்சீட்டொன்றை வழங்குகிறது. அதன்பின் ஏனைய சேவைகள் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை; சீட்டிலுள்ள ஒப்பத்தையே பார்க்கின்றன. வசதியும் ஆபத்தும் இங்கேயே சந்திக்கின்றன. ஒப்பமிடும் திறவுகோல் களவு போனால், கள்ளச் சீட்டும் நல்ல சீட்டாகவே ஏற்கப்படும்.

இது வெறும் அச்சமன்று. 2011ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றளிக்கும் நிறுவனத்தினுள் ஊடுருவியோர், கூகிள் உட்படப் பல தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்களை உருவாக்கினர். ஈரானியப் பயனர்களின் மின்னஞ்சல்களை ஒற்றறிய அவை பயன்பட்டன. அதே ஆண்டிலேயே அந்நிறுவனம் வங்குரோத்தாகியது.

2023இல் நிகழ்ந்தது அதனினும் பாரதூரமானது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2016இல் உருவாக்கிய ஒப்பமிடும் திறவுகோலொன்று, சீனாவுடன் தொடர்புடையதெனக் கூறப்படும் குழுவொன்றின் கைக்குச் சென்றது. அதனைக் கொண்டு அக்குழு அனுமதிச்சீட்டுகளைத் தாமே தயாரித்தது. அமெரிக்க வர்த்தகச் செயலாளராகவிருந்த ஜீனா ரைமொண்டோவின் மின்னஞ்சலும் வாசிக்கப்பட்டது. இராஜாங்கத் திணைக்களத்திலிருந்து மாத்திரம் ஏறத்தாழ 60,000 மின்னஞ்சல்கள் எடுக்கப்பட்டன. எவருடைய கடவுச்சொல்லும் இதற்குத் தேவைப்படவில்லை.

2024 ஏப்ரலில் வெளியான அமெரிக்க மீளாய்வுச் சபையின் அறிக்கை, இது தடுத்திருக்கக்கூடிய ஊடுருவல் எனக் கண்டது. பழைய திறவுகோல் உரிய காலத்தில் நீக்கப்படவில்லை. தனிநபர் கணக்குகளுக்கான அத்திறவுகோலை நிறுவனக் கணக்குகளும் தவறுதலாக ஏற்றுக்கொண்டன. திறவுகோல் எவ்வாறு களவாடப்பட்டது என்பதை அறிக்கை வெளியாகும் வரையில் மைக்ரோசொப்டினாற் கண்டறிய முடியவில்லை. இராஜாங்கத் திணைக்களம் மேலதிகக் கட்டணம் செலுத்திப் பெற்றிருந்த நுழைவுப் பதிவேடுகளே ஊடுருவலை வெளிப்படுத்தின. அத்தகைய பதிவேடுகளைக் கட்டணமின்றி வழங்க அந்நிறுவனம் முன்வந்தது இச்சம்பவத்தின் பின்னரே என்பது குறிப்பிடத்தக்கது.

கணிதம் இந்நிகழ்வுகளிற் பொய்த்துவிடவில்லை. எந்தத் திறவுகோலால் ஒப்பமிடப்பட்டது என்பதை மாத்திரமே இலக்கமுறைக் கையொப்பம் கூறும். அத்திறவுகோல் யார் கையில் இருந்தது என்பதை அது அறியாது. அதனைக் காப்பது மனிதரின் கடமையாகும்.

எமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் கையொப்பத்துக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கியுள்ளது. 2017இல் அது திருத்தவும்பட்டது. சட்டம் ஒப்பத்தை ஏற்கின்ற வேளையில், அதன் பின்னாலுள்ள திறவுகோலின் காவலும் அதேயளவு வலுவுள்ளதாக இருத்தல் வேண்டும். திறவுகோலைப் பிரதியெடுத்து வெளிக்கொணர முடியாத தனிக் கருவியில் பேணுதல், குறித்த காலத்தில் அதனை மாற்றுதல், ஒரு பணிக்குரிய திறவுகோலை வேறு பணிக்கு அனுமதியாமை, நுழைவுப் பதிவேடுகளை ஒழுங்காகப் பரிசோதித்தல் ஆகியன குறைந்தபட்ச ஏற்பாடுகளாகும்.

மக்களின் பதிவுகளை முகிலுக்கு மாற்றும் திணைக்களங்களும் வங்கிகளும், சேவை வழங்குநருடன் ஒப்பந்தம் செய்வதற்கு முன்னரே இவற்றை வினவ வேண்டும். களவு போன பின்னர் வினவுவதால், வாசிக்கப்பட்ட கடிதம் வாசிக்கப்படாததாகிவிடாது.